ரஷீது மாமா இழுத்த வயர்

ஆஸ்பத்திரியிலிருந்து பர்ஸானா வீடு திரும்பிய அன்று அவளுடைய மாமனார் ரஷீது வாசலில் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சட்டையை ஒரு செவ்வாய்க்கிழமையில் போட்டிருந்தார். அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்கிய கணவன் ரஃபி, "என்ன அத்தா, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டான். அவர் மகனைக் கண்டுகொள்ளவே இல்லை. "மோளே, மெல்ல நடந்து உன் ரூமுக்கு வா. ஒரு சாதனம் காட்டணும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அறையில் அவளுடைய மேசை ஜன்னலோரத்துக்கு மாறியிருந்தது. ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு நீல வயர் உள்ளே இறங்கி, மேசைக்காலோடு அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டு, நுனியில் கண்ணாடி போன்ற சிறிய பிளக்கோடு மேசைமேல் கிடந்தது.

"நெட்டு" என்றார் ரஷீது. "கடையிலேர்ந்து நேரா உன் மேசைக்கு. நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப இழுத்தது. இனி நீ காக்கநாட்டுக்கு ஓட வேண்டாம்."

பர்ஸானாவுக்கு முதலில் கண் நிறைந்தது. அப்புறம்தான் மனம் தானாகத் தூரத்தைக் கணக்குப் போட்டது.

அவள் தொழில் அப்படி. காக்கநாட்டு ஐ.டி. பார்க்கில், புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நெட்வொர்க் வரைபடம் போடுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. எந்தச் சுவருக்குள் எந்த வயர் ஓட வேண்டும், எந்த மாடியில் எந்தப் பெட்டி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் லேசாக இரத்தம் பட்டதும் டாக்டர் பஸ் வேண்டாம், படகு வேண்டாம், வீட்டுக்குள் மெல்ல நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கம்பெனியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, நெட் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அங்கேதான் இடித்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ரஷீதின் சாக்குக் கயிற்றுக் கடை வரைக்கும் ஃபைபர் லைன் வந்துவிட்டது. கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற பழைய கிட்டங்கி, அதற்குப் பின்னால் அடுத்தவர் முற்றம், அதையும் தாண்டி ஒரு சந்து, சந்தின் கடைசியில் அவர்கள் வீடு. சந்துக்குள் லைன் வராது என்று கம்பெனிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். வெட்டுக்கல் சுவர் கட்டிய வீட்டுக்குள் செல்போன் சிக்னலும் ஜன்னலோடு நின்றுவிடும். அதனால் மாமா வயர் இழுத்திருக்கிறார், கூரைமேல் ஏறி, இந்த வயசில், மருமகளுக்காக.

"வயர் எவ்வளவு நீளம் மாமா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நூத்தி அறுபது மீட்டர்." கயிறு அளந்தே காலம் கழித்தவர் யோசிக்காமல் சொன்னார். "கேமரா மாட்டுற பையன்கிட்ட கேட்டேன். எத்தர தூரம் வேணும்னாலும் போகும்னான். நடுவுல எங்கயும் வெட்டல, ஒட்டல. ஒரே வயர். ரெண்டு பக்கமும் அவன்தான் பிளக்கு போட்டுத் தந்தான்."

நூறு மீட்டர். அதற்குமேல் இந்த வகைச் செப்பு வயருக்கு உத்தரவாதம் கிடையாது. அவள் போடுகிற ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் அந்த எண் இருக்கும். தூரம் கூடக் கூட சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். கட்டடத்தின் எந்த மூலையும் நூறு மீட்டரைத் தாண்டினால் அவள் அங்கே இன்னொரு பெட்டியை வைத்துவிடுவாள், கட்டிடக்காரர் எவ்வளவு முனகினாலும்.

ரஷீது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கையில் ஓடு கீறிய காயம் இன்னும் காயவில்லை.

"நல்லா இருக்கு மாமா" என்றாள் பர்ஸானா. "எனக்கு இதுதான் வேணும்."

அவர் போன பிறகு மடிக்கணினியில் வயரைச் செருகிப் பார்த்தாள். ஓரத்துச் சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. அவள் எதிர்பார்த்ததுதான். வயரைச் செருகியதும் இரண்டு முனைகளும் முதலில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். எனக்கு இவ்வளவு வேகம் முடியும், உனக்கு எவ்வளவு முடியும்? இரண்டுக்கும் முடிகிறதில் பெரியதைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். கடையில் இருக்கிற பெட்டியும் புதுசு, அவள் மடிக்கணினியும் புதுசு. இரண்டும் ஆகப்பெரிய வேகத்துக்கு ஒப்புக்கொண்டு கிளம்பின. அந்த வேகத்தை அவ்வளவு தூரத்துக்குச் சுமக்க வயரால் முடியவில்லை. விழுந்தன. மறுபடி விசாரிப்பு, மறுபடி ஒப்பந்தம், மறுபடி விழுந்தன.

கடைப் பெட்டியின் அமைப்பை மாற்ற கம்பெனிக்காரர்கள் விடமாட்டார்கள். ஆகவே அவள் தன் பக்கத்தில் விசாரிப்பையே நிறுத்தினாள். ஆகக்குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலும் 'பாதி' என்ற முறையை வைத்தாள். பாதி என்றால், ஒரு பக்கம் பேசும்போது மறு பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். விசாரிக்க ஆள் கிடைக்காத கடைப் பெட்டி, எதிரில் வருகிற வேகத்தை மட்டும் மோப்பம் பிடித்துக்கொண்டு, தானும் பாதி முறைக்கே இறங்கிவிடும். அது அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பாதி என்றால் சண்டை இல்லை.

விளக்கு எரிந்தது, எரிந்தபடியே நின்றது. மின்னஞ்சல் வந்தது. வரைபடம் ஒன்றை இறக்கி முடிப்பதற்குள் ஒரு சாயா குடித்துவிடலாம். பரவாயில்லை, ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ரஷீது கடையிலிருந்து போன் செய்து, "மோளே, நெட்டு உண்டா?" என்று கேட்பார். "உண்டு மாமா" என்பாள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி கட்டுகிறாள் என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பதாக ரஃபி வந்து சொன்னான். "கட்டடம் முழுக்க நீதான் கட்டுறேன்னு நெனச்சுட்டிருக்காரு. சிமெண்டு எங்கேர்ந்து வாங்குறேன்னு ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு."

ரஃபிக்கு இடப்பள்ளியில் பெரிய மால் ஒன்றில் செல்போன் கடை வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். வயர் விஷயத்தை அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "அத்தாகிட்ட சொல்லிடலாமே" என்றான். "சொல்லாதீங்க. அந்த முழங்கையப் பாத்தீங்களா?" என்று அவள் தடுத்துவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு, தன்னால் ஏதாவது ஆகுமா என்று யோசித்தான். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கும் இருந்தது. அப்பா மட்டும் கூரையேறி நல்ல பெயர் வாங்குவதை அவன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்?

அடுத்த வாரம் பெரிய கூட்டம். திருப்பூணித்துறையில் கட்டப்போகும் ஓர் ஆஸ்பத்திரியின் வரைபடத்தை அவள் விளக்க வேண்டும். அந்தப் பக்கத்து இன்ஜினியர் வைத்தீஸ்வரன் நல்ல மனிதர், ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஏன், எதற்கு என்று கேட்பவர். முந்தைய நாள் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தாள். படம் கொஞ்சம் தயங்கியது, ஆனாலும் ஓடியது.

அன்று காலை ஓடவில்லை. முதல் பக்கம் போயிற்று. இரண்டாவது பக்கத்தில் அவள் முகம் வாய் திறந்தபடி உறைந்துவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். மின்னஞ்சல் வருகிறது, சிறிய செய்தி போகிறது. வரைபடத்தைக் காட்டத் தொடங்கினால் எல்லாம் நின்றுவிடுகிறது. கூட வேலை பார்க்கிற ஹரிநாராயணன் ஆபீசிலிருந்து, "நான் இங்கேயிருந்து படத்தைக் காட்டுறேன், நீ போன்ல பேசு" என்றார். அவள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற ஜன்னலோரம் போய், கம்பியோடு முகத்தை ஒட்டி நின்றாள். முதுகு வலித்தது. வியர்வை வழிந்தது.

வைத்தீஸ்வரன் வரைபடத்தின் மூன்றாம் மாடிக்கு வந்தார். "இங்க எதுக்கும்மா தனியா ஒரு பெட்டி, தனியா ஒரு ரூம்? கீழேயிருந்து நேரா இழுத்தா நூத்தி முப்பது மீட்டர்தானே. போகாதா?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துக்கொண்டே விளக்கியிருப்பாள். அன்று குரல் உயர்ந்துவிட்டது. "போகும் சார். விளக்கு எரியும். வேலை மட்டும் நடக்காது. நூறு மீட்டருக்கு மேல ஒருத்தர் வயர் இழுத்திருக்காருன்னா, அவருக்கு இதப்பத்தி ஒரு எழவும் தெரியாதுன்னு அர்த்தம். அத்தனையும் கழட்டித்தான் போடணும்."

பேசி முடித்துத் திரும்பினால் கதவருகே ரஷீது நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு. கூட்டம் இருக்கிற நாள் என்று கடையை விட்டுவிட்டுப் பிழிந்து எடுத்து வந்திருக்கிறார். தம்ளரை மேசைமேல், அந்த நீல வயருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கூட்டம் எப்படியோ முடிந்தது. மூன்றாம் மாடிப் பெட்டிக்கு வைத்தீஸ்வரன் சம்மதித்தும்விட்டார். பர்ஸானாவுக்கு அதில் துளிகூடச் சந்தோஷம் இல்லை. மாமாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சந்து வழியாகச் சுற்றிப் போனால் தூரம். நடுவில் இருக்கிற முற்றத்தின் கதவு திறந்திருந்தால் பாதி நடை மிச்சம். அது செல்லப்பாவின் முற்றம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, பின்கட்டில் பப்படம் போட்டு, பஜார் கடைகளுக்குக் கொடுக்கிறவர். ரஷீதுக்கும் அவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. கிட்டங்கிக் கூரைத் தண்ணீர் செல்லப்பாவின் முற்றத்தில் விழுகிறது, காயப்போட்ட பப்படம் நனைகிறது. தண்ணீர்தானே, எங்கேயாவது விழத்தான் வேண்டும் என்று ரஷீது ஒரு நாள் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது.

பர்ஸானா கதவைத் தள்ளினாள். தலைக்குமேல் நீல வயர் முற்றத்தைக் குறுக்காகக் கடந்து போயிற்று. அதில் இரண்டு லுங்கியும் ஒரு நைட்டியும் நாலைந்து தலையணை உறையும் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். பப்பட அறையிலிருந்து செல்லப்பாவின் மனைவி வசந்தி கையில் மாவோடு வெளியே வந்தாள்.

"ஆத்தீ, நீயாம்மா? இந்த வயித்தோட ஏன் நடந்து வார? உக்காரு, உக்காரு." ஒரு முக்காலியை இழுத்துப் போட்டவள், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கயிறு மாதிரி சும்மாதான கெடக்குன்னு துணியப் போட்டுட்டேன். அதுல கரண்டு வருமோ?"

"கரண்டு இல்ல அக்கா. நெட் வயர்." பர்ஸானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "மாமா இத எப்படிக் கட்டினாங்க? அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலையா?"

வசந்தி குரலைத் தாழ்த்தினாள். "அவுக சரக்கு போடப் போயிருந்தாக. ஒங்க மாமா ஏணியத் தூக்கிட்டு நிக்காக. என்னயப் பாத்ததும் முழிக்காக. 'மருமவ ஆஸ்பத்திரியில கெடக்கா, அவளுக்கு நெட்டு வேணும்'னு சொன்னாக. சரி ஏறுங்க இக்கான்னு நாந்தான் ஏணியப் பிடிச்சேன். அதுல ஒரு ஓடு சறுக்கி, கையெல்லாம் ரத்தம். மஞ்சப்பொடி வச்சு விட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. நீயும் சொல்லிராத."

பர்ஸானா தலையை ஆட்டினாள். வசந்தி தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கிட்டங்கிப் பின்கதவு வழியாகக் கடைக்குப் போனாள்.

ரஷீது சாக்குக் கட்டுகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "நடந்தா வந்தே? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நீங்க போன் எடுக்கல."

அவர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். மேஜை விசிறியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு கட்டின்மேல் உட்கார்ந்து, விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ சொன்னது சரிதான். எனக்கு ஒண்ணும் தெரியாது. கயிறுன்னா நீளம் கூடினாலும் கயிறுதான். அதுபோலன்னு நெனச்சேன்."

"மாமா, அது உங்களச் சொன்னதில்ல."

"என்னைச் சொன்னதில்லன்னு தெரியும். ஆனா நூத்தி அறுபது மீட்டர் இழுத்தது நான்தானே?" நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "மொதல் நாளே சொல்லியிருக்கலாம் மோளே. இத்தர நாள் நெட்டு உண்டா உண்டான்னு கேட்டேன். உண்டு உண்டுன்னே. நான் ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தேன்."

"உண்டுன்னு சொன்னது பொய் இல்ல. கொஞ்சம்தான் உண்டு." அவள் அவர் முழங்கையைப் பார்த்தாள். "நீங்க கூரையேறி இழுத்தது. அத வேண்டாம்னு சொல்ல எனக்கு நாக்கு வரல."

ரஷீது எழுந்து போய், எதிர்க்கடைக்குச் சாயா சொல்லிவிட்டு வந்தார். சாயா வந்தது. குடிக்கத் தொடங்கியதும் அவரே கேட்டார். "சரி. நூறுக்கு மேல வேணும்னா நீ ஆஸ்பத்திரியில என்ன செய்வே?"

"நடுவுல ஒரு சின்னப் பெட்டி வைப்பேன். வந்த சிக்னல வாங்கி, புதுசா மறுபக்கம் அனுப்பும். அங்கேர்ந்து இன்னொரு நூறு மீட்டர் போகலாம்."

"நம்ம வயருக்கு நடு எங்க வரும்?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், விரலால் காற்றில் அளந்தார். கண்ணைத் திறந்தபோது முகம் சுருங்கியிருந்தது. "பப்பட அறை."

"வெயில் படாத, மழை படாத இடமா இருக்கணும். ஒரு பிளக் பாயிண்டும் வேணும்" என்றாள் பர்ஸானா. "அங்க முடியலேன்னா விடுங்க மாமா. பாத்துக்கலாம்."

ரஷீது பள்ளிவாசலுக்குப் போய், அஸர் தொழுதுவிட்டு வந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நீயும் வா" என்றார். "நீ கூட இருந்தா அவன் கத்தமாட்டான்."

செல்லப்பா முற்றத்தில் காய்ந்த பப்படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்கதவில் ரஷீதைப் பார்த்ததும் கை நின்றது. "என்ன பாய், வழி தெரியாம வந்துட்டீரோ?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன் அண்ணாச்சி. ஒரு உபகாரம் வேணும்."

வயர் இழுத்த கதையை அவர் ஒளிக்காமல் சொன்னார். வசந்தி ஏணி பிடித்ததை மட்டும் விட்டுவிட்டார். பெட்டி, பிளக் பாயிண்ட், நூறு மீட்டர் எல்லாம் சொன்னார். தப்புத்தப்பாகச் சொன்ன இடங்களில் பர்ஸானா திருத்தினாள். செல்லப்பா அண்ணாந்து வயரைப் பார்த்தார், அதில் தொங்குகிற தன் லுங்கியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். வசந்தி மாவில் மும்முரமாக இருந்தாள்.

"என் முற்றத்துக்கு மேல என்னயக் கேக்காம வயரு போவுது. இப்ப என் அறைக்குள்ள பெட்டி வேற. நல்லாத்தான் இருக்கு."

"தப்புதான்" என்றார் ரஷீது.

அவர் அப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்வார் என்று செல்லப்பா எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறினார். "தண்ணி விழுதே, அது?"

"அதுவும் தப்புதான். எடவப்பாதி மழைக்கு முன்னால தகரத்துல ஓடை மாதிரி பாத்தி கட்டி, தண்ணியச் சந்துப் பக்கம் திருப்பி விடறேன். முன்னயே செய்திருக்கணும். வாய்ல வந்தத சொல்லிட்டு வீம்புக்கு இருந்துட்டேன்."

செல்லப்பா ஒரு பப்படத்தை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுக்கில் வைத்தார். பர்ஸானாவைப் பார்த்து, "எத்தன மாசம்மா?" என்று கேட்டார்.

"அஞ்சு முடியுது அண்ணாச்சி."

"அந்த அலமாரிக்கு மேல பிளக்கு இருக்கு. மாவு படாம ஒரு மூடி போட்டுக்கிடுங்க" என்றார். அவ்வளவுதான். வசந்தி உள்ளேயிருந்து, "அப்ப நான் துணிய எங்க காயப்போட?" என்றாள்.

"நல்ல கயிறு ஒண்ணு கட்டித் தாரேன் தங்கச்சி" என்றார் ரஷீது.

ஞாயிற்றுக்கிழமை ரஃபிக்கு லீவு. அப்பாவும் மகனுமாக வயரைச் சுவரோரமாக மாற்றிக் கட்டினார்கள். பப்பட அறைக்குள் இறக்கி வெட்டினார்கள். வெட்டும்போது ரஷீது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்டிய இரண்டு நுனிக்கும் ரஃபி பிளக் போட்டு, அலமாரிமேல் வைத்த சிறிய பெட்டியில் செருகினான். ஒரு பக்கம் எண்பத்து சொச்சம், மறு பக்கம் எழுபத்து சொச்சம். இரண்டும் நூறுக்குள். செல்லப்பா பக்கத்தில் நின்று, பெட்டியின் விளக்கைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோருமாகப் பர்ஸானாவின் அறைக்கு வந்தார்கள். செல்லப்பா அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் விடுவதா, கொஞ்சம் தள்ளி விடுவதா என்று தயங்கினார். ரஷீது அவருக்கு நாற்காலி போட்டார். பர்ஸானா வரைபடத்தைத் திறந்தாள். பாதி வந்தது. நின்றது. காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் வந்து மறுபடி நின்றது.

ரஷீது யார் முகத்தையும் பார்க்கவில்லை. "என் வயரே சரியில்ல" என்றார். "மோளே, கழட்டிடலாம்."

"இருங்க மாமா." பர்ஸானாவுக்குப் புரியவில்லை. தூரம் சரியாகிவிட்டது. பெட்டி புதிது. பிளக் சரி. இனி எதுதான் தடுக்கிறது? அப்போதுதான் தன் பக்கத்தில் தானே வைத்த பழைய அமைப்பு அப்படியே இருப்பது ஞாபகம் வந்தது. குறைந்த வேகம், பாதி. அதை எடுக்கவே மறந்திருக்கிறாள். ஆனால் பாதியாக இருந்தாலும் மெதுவாக ஓடத்தானே வேண்டும், இப்படித் திக்காதே? திறந்து பார்த்தாள்.

பாதி இல்லை. 'முழு' என்றிருந்தது.

"இத யாரு மாத்தினது?"

அறையில் எல்லோரும் ரஃபியைப் பார்த்தார்கள். அவன் ஏற்கெனவே கதவுப் பக்கம் நகர்ந்திருந்தான்.

"நான்தான்" என்றான். "உன் கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி, நீ தூங்கினதுக்கப்புறம். உன் கம்ப்யூட்டர்ல பாதின்னு கெடந்துச்சு. பக்கத்துலயே முழுன்னு ஒண்ணு சும்மா இருந்துச்சு. எதுக்குப் பாதி, முழுசா வெச்சுக் குடுப்போம், காலையில நீ சந்தோஷப்படுவேன்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"நீ சொல்லாதேன்னு சொல்லிச் சொல்லி, எத சொல்லணும் எத சொல்லக்கூடாதுன்னே எனக்கு மறந்துபோச்சு."

பர்ஸானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரஷீது பயந்து, "மெல்ல, மெல்ல" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். கடைப் பெட்டி, எதிர்ப்பக்கமும் பாதிதான் என்று நம்பி, தான் பேசும்போது அது வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தது. இவள் பக்கத்தில் முழு என்று மாற்றியிருந்ததால் மடிக்கணினி நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தது. ஒன்று சொல்வது மற்றதோடு மோதி மோதி நொறுங்கியது. சின்னச் செய்தி தப்பித்துப் போய்விடும், பெரியது மாட்டிக்கொள்ளும். இப்போது அலமாரிமேல் இருக்கிற புதுப் பெட்டியோடும் அதே கூத்துதான். "அத்தனை பேர் முன்னால நான் வாயைத் திறந்தபடி நின்னதுக்கு உங்க வயர் காரணமே இல்ல மாமா. உங்க மகன்தான்."

"நான் அன்னிக்கே நெனச்சேன்" என்றார் ரஷீது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "என் வயர் அத்தர மோசமாகாதேன்னு."

"முழுசும் குற்றமில்லன்னு சொல்லல. தூரம் தூரம்தான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அமைப்பைப் பழையபடி தானியங்கிக்கு மாற்றினாள். இரண்டு முனையும் இனித் தாங்களே விசாரித்துக்கொள்ளட்டும்.

விளக்கு அணைந்தது. செல்லப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். விளக்கு எரிந்தது, நின்றது. திரையின் மூலையில் ஆகப்பெரிய வேகம் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி வரைபடம் மூன்று மாடியும் ஒரே மூச்சில் விரிந்தது.

"இதான் ஆஸ்பத்திரியா?" என்று செல்லப்பா கேட்டார். "சன்னலே இல்லையே?"

"சன்னல் வேற ஆளு போடுவாங்க அண்ணாச்சி" என்றான் ரஃபி. அதற்குமேல் யாரும் அவனைப் பேசவிடவில்லை.

வசந்தி அதுவரை கதவோரமாகத்தான் நின்றிருந்தாள். மெதுவாக வந்து பர்ஸானாவின் தோளைத் தொட்டாள். "இதுல ஆளப் பாத்துப் பேசலாமாம்மா? சங்கரன்கோவில்ல என் அக்கா பாக்கியலக்ஷ்மி இருக்கா. போன்ல கூப்பிட்டா எங்க வீட்டுக்குள்ள குரலே கேக்காது. மூஞ்சியப் பாத்து ரொம்ப நாளாச்சு."

பர்ஸானா எண்ணைக் கேட்டுப் போட்டாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் திரை முழுக்க ஒரு பெரிய மூக்குத்தி வந்தது, பிறகு மூக்கு, பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்ட பாக்கியலக்ஷ்மியின் முகம். படம் திக்கவில்லை, நிற்கவில்லை. அவள் பின்னால் கொடியில் ஆடுகிற துண்டுகூடத் தெரிந்தது. அக்கா தங்கை இருவரும் ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி வசந்தி" என்றாள் பாக்கியலக்ஷ்மி கடைசியில். "இவ்வளவு நரைச்சுப்போச்சா ஒனக்கு?"

வசந்தி தலையில் கை வைத்தாள். அறையே சிரித்தது. செல்லப்பா மட்டும் சத்தமில்லாமல் எழுந்து, திரையில் விழாத பக்கமாக ஒதுங்கி நின்று, விரலால் முன்தலையைப் படியச் சீவிக்கொண்டார்.